கெட்ட கனவு: உறங்கும் முன்னும், திடுக்கிட்டு விழித்த பின்னும்

கொழும்பு தெமட்டகொடையிலிருந்து ஒரு சகோதரி மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறார். கெட்ட கனவுகள் வராதிருக்க இரவில் என்ன ஓதிவிட்டுப் படுக்க வேண்டும் என்பது முதலாவது. சென்ற வருடம் மௌத்தான தம் வாப்பா வாசலில் நின்று கையசைத்து அழைப்பதாக மூன்று தடவை கனவு கண்டதாகவும், அதைச் சொன்ன இடமெல்லாம் ஒவ்வொருவர் ஒவ்வொரு பலன் கூறியதால் இப்போது கட்டிலுக்குப் போகவே அஞ்சுவதாகவும் எழுதி, அது தம் மரணத்தின் முன்னறிவிப்பா என்று கேட்பது இரண்டாவது. ஆறு வயது மகன் இரவில் அலறி எழுவதால் அவனுக்கு இஸ்மு எனும் தாயத்து எழுதிக் கட்ட வேண்டும் என்று மாமி வற்புறுத்துகிறார், கட்டலாமா என்பது மூன்றாவது.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சகோதரி, உங்கள் உறக்கத்தைக் கெடுத்திருப்பது அந்தக் கனவைவிட, அதற்குப் பலர் சொன்ன பலன்களே என்று எனக்குப் படுகிறது.

கனவு மூன்று வகை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நபித்தோழர் அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ‘முஸ்லிம்’ எனும் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று. மனிதனைக் கவலைக்குள்ளாக்க ஷைத்தான் காட்டுவது ஒன்று. மனிதன் தன் மனத்தோடு பேசிக்கொண்டிருந்ததே உறக்கத்தில் வந்து நிற்பது இன்னொன்று. இந்த மூன்றாவது வகையை நம் வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கண்டதெல்லாம் ஒன்றில் நன்மாராயம் அல்லது கெட்ட சகுனம் என்ற இரண்டுக்குள் அடக்கிவிடுகிறோம். வாப்பாவின் காணி உறுதிகளைத் தேடி அந்த வாரம் முழுவதும் அவருடைய அலுமாரியைக் கிளறிக்கொண்டிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கையெழுத்தையும் உடுப்புகளையும் பகல் முழுதும் பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு இரவில் அவர் கனவில் வராதிருந்தால்தான் வியப்பு. இருந்தாலும் உங்கள் கனவுக்கு நான் பலன் சொல்லப் போவதில்லை. பலன் சொன்னவர்களின் வரிசையில் நான்காவது ஆளாக நிற்க எனக்கு விருப்பமில்லை. சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்றும் நான் நினைக்கவில்லை. இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் பெயரில் கடைகளில் விற்கப்படும் கனவுப் பலன் புத்தகத்தைப் பார்த்துப் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். அந்நூல் அவர்கள் எழுதியதுதானா என்பதே அறிஞர்களிடம் பெரும் ஐயத்துக்குரியது.

வெறுப்பூட்டும் கனவைக் கண்டால் என்ன செய்வது என்பதற்கு மார்க்கத்தில் மிகத் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. அது யாருடைய வாயிலாக நமக்கு வந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள், அதுவே ஓர் ஆறுதல். நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரான தாபிஈன்களில் ஒருவரான அபூ ஸலமா (ரஹ்) அவர்கள், தம்மை நோயில் தள்ளும் அளவுக்குக் கனவுகளைக் கண்டு வந்தார்கள்; அவை தமக்கு மலையைவிடப் பாரமாக இருந்தன என்றும், அபூ கதாதா (ரழி) அவர்களிடம் ஒரு ஹதீஸைக் கேட்ட பின் அவற்றைப் பொருட்படுத்துவதையே விட்டுவிட்டதாகவும் அவர்கள் கூறுவது புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அபூ கதாதா (ரழி) அவர்களோ, தமக்கும் அவ்வாறே இருந்தது என்கிறார்கள். நபித்தோழர் ஒருவரும் அவருடைய மாணவரும் இப்படிக் கனவால் வருந்தியிருக்க, கெட்ட கனவு வருவதை ஈமானின் குறைவாகவோ ஏதோ பாவத்தின் அடையாளமாகவோ எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நல்ல கனவு அல்லாஹ்விடமிருந்து வருவது, அதைத் தான் நேசிப்பவரிடம் மட்டும் சொல்லலாம். வெறுக்கத்தக்கதைக் கண்டால் அதன் தீங்கிலிருந்தும் ஷைத்தானின் தீங்கிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, மூன்று முறை துப்பி, யாரிடமும் அதைச் சொல்லாதிருக்க வேண்டும், அப்போது அது அவருக்குத் தீங்கு செய்யாது என்பதே அவர்கள் கேட்ட ஹதீஸின் கருத்து. ஜாபிர் (ரழி) அவர்களின் அறிவிப்பில், துப்புவது இடப்புறம் என்பதும், மூன்று முறை பாதுகாப்புத் தேடுவதும், படுத்திருந்த பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பிக்கொள்வதும் சேர்ந்து வருகின்றன. எழுந்து தொழுவதும் அபூ ஹுரைரா (ரழி) அவர்களின் அறிவிப்பில் இருக்கிறது.

அபூ கதாதா (ரழி) அவர்களின் அந்த ஹதீஸின் கடைசிச் சொற்களைச் சற்று நின்று கவனியுங்கள். கனவு வராது என்று வாக்களிக்கப்படவில்லை. தீங்கு செய்யாது என்றே வாக்களிக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஓதிவிட்டுப் படுத்தேன், ஆனாலும் கனவு வந்துவிட்டது, என் ஓதலில் ஏதோ பிழை என்று பலர் மனம் நொந்து வருவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். கனவு வந்ததால் ஓதியது வீணாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட காவல், அந்தக் கனவு உங்கள் வாழ்க்கைக்குள் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது என்பதுதான்.

செய்யச் சொல்லப்பட்டவை எவ்வளவு சிறியவை என்பதையும் பாருங்கள். ‘அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் றஜீம்’ என்று மூன்று முறை, இடப்பக்கம் மூன்று முறை, பின் மறுபக்கம் திரும்பிப் படுத்தல். அரை நிமிடம்கூட ஆகாது. துப்புவது என்றால் எச்சிலை உமிழ்வது என்று எண்ணிச் சிலர் தயங்குகிறார்கள்; இடப்பக்கத்தில் கணவரோ பிள்ளையோ படுத்திருக்கும் சிறிய அறையில் அது இயல்பான தயக்கம்தான். இந்த ஹதீஸ்களில் வரும் வெவ்வேறு சொற்களை ஆராய்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், எச்சிலின்றி மெதுவாக ஊதுவதே இங்கு நாடப்படுவதாக இருக்கலாம் என்று விளக்கியிருக்கிறார்கள். நுனி நாக்கில் ஒட்டிய தூசியை ஊதிவிடுவது போல, அருகில் உறங்குபவர் அறியாத அளவுக்குச் செய்தால் போதும்.

இவற்றுள் மிகக் கடினமானது வாயை மூடிக்கொள்வது. நாட்டுப்புற அறபி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் தலை வெட்டப்பட்டு உருண்டோடுவதாகவும், தாம் அதன் பின்னே விரைந்து செல்வதாகவும் கண்ட கனவைச் சொன்னார். தலை வெட்டப்படுவதைவிடக் கொடிய சகுனம் நம் ஊர்க் கணக்கில் எதுவும் இல்லை. அதற்கு நபி (ஸல்) அவர்கள் எந்தப் பலனும் கூறவில்லை. உறக்கத்தில் ஷைத்தான் உம்மோடு விளையாடுவதை மக்களிடம் சொல்லாதீர் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் உங்கள் கனவைச் சொன்ன மூவரில், ஒருவர் மௌத்தானவருக்காகக் குர்ஆன் ஓதும் கத்தம் ஓதச் சொல்லியிருக்கிறார், ஒருவர் வாப்பாவுக்குக் கடன் பாக்கி இருக்கும் என்றிருக்கிறார், மற்றவர் ‘கவனமாக இருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகியிருக்கிறார். கடைசியாகச் சொன்னவரின் மௌனம்தான் உங்களை அதிகம் வாட்டியிருக்கும். இனி இதை நான்காவது நபரிடம் சொல்ல வேண்டாம். வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள், அவர் பெயரில் ஸதகாக் கொடுங்கள், கடன் உண்டா என்று விசாரித்து இருந்தால் அடையுங்கள். கனவு கண்டிராவிட்டாலும் இவை பிள்ளைகளின் கடமைகளே.

இனி முதற் கேள்விக்கு வருகிறேன். உறங்கும் முன் ஓதுவதற்கு ஆதாரபூர்வமாக வந்திருப்பவை பல. நான் முதலிடம் கொடுப்பது ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்து புகாரியில் இடம்பெற்ற நடைமுறைக்கு. நபி (ஸல்) அவர்கள் ஒவ்வோர் இரவும் படுக்கைக்குச் சென்றதும் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து, அவற்றில் ஊதி, ‘குல் ஹுவல்லாஹு அஹத்’, ‘குல் அஊது பிறப்பில் ஃபலக்’, ‘குல் அஊது பிறப்பின் நாஸ்’ ஆகிய மூன்று சூறாக்களையும் ஓதி, தலையிலும் முகத்திலும் உடலின் முன்பகுதியிலும் தொடங்கிக் கைகள் எட்டும் இடமெல்லாம் தடவிக்கொள்வார்கள்; இவ்வாறு மூன்று தடவை செய்வார்கள். இந்த மூன்று சூறாக்களும் தெரியாத முஸ்லிம் வீடு கொழும்பில் இருக்காது. தண்ணீர் ஏந்துவது போலக் கைகளைக் குவித்து, ஓதிய மூச்சின் சூடு உள்ளங்கையில் பட, நெற்றியிலிருந்து கீழே தடவிப் பாருங்கள்; பகல் முழுதும் பஸ்ஸிலும் குசினியிலும் அலைந்த உடம்பு தன்னால் தளர்வதை உணர்வீர்கள்.

அதனோடு சூறத்துல் பகராவின் 255ஆம் வசனமான ஆயத்துல் குர்ஸியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரமழான் ஸகாத் பொருட்களுக்குக் காவலாக இருந்த அபூ ஹுரைரா (ரழி) அவர்களிடம், உணவை அள்ளிக்கொண்டு போக மூன்று இரவுகள் ஒருவன் வந்து பிடிபட்டான். மூன்றாம் இரவில் தன்னை விட்டுவிடுமாறு கேட்டு, படுக்கைக்குச் செல்லும்போது ஆயத்துல் குர்ஸியை ஓதினால் அல்லாஹ்விடமிருந்து ஒரு காவலர் உம்மோடு இருப்பார், காலைவரை ஷைத்தான் உம்மை நெருங்கமாட்டான் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவன் பெரும் பொய்யனாயினும் உம்மிடம் உண்மை சொன்னான் என்றும், வந்தவன் ஷைத்தானே என்றும் அறிவித்தார்கள். சூறத்துல் பகராவின் இறுதி இரு வசனங்களை இரவில் ஓதியவருக்கு அவை போதுமானவை என்றும் ஹதீஸ் இருக்கிறது.

உங்களைப் போன்ற பெண்கள் கேட்கத் தயங்கும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நாட்களில் இவற்றை ஓதலாமா என்ற கேள்வி அந்த நாட்களில் பலரை மௌனமாகப் படுக்க வைத்துவிடுகிறது. பயம் மட்டும் அந்த நாட்களில் விடுமுறை எடுப்பதில்லை. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, குர்ஆன் ஓதுகிறேன் என்ற நிய்யத் இல்லாமல், திக்ராகவும் பாதுகாப்புத் தேடலாகவும் அவற்றைச் சொல்லிக்கொள்வதற்குத் தடையில்லை. குர்ஆன் வசனமல்லாத துஆக்களைப் பொறுத்தவரை எந்தத் தயக்கமும் வேண்டாம்.

அத்தகைய துஆக்களில், படுக்கையை உதறுவதோடு சேர்ந்து வருவது எனக்கு மிக நெருக்கமானது. உங்களில் ஒருவர் படுக்கைக்கு வந்தால் தம் கீழாடையின் உட்புற ஓரத்தால் அதைத் தட்டிவிடட்டும், தாம் இல்லாதபோது அதில் என்ன வந்து சேர்ந்தது என்பதை அவர் அறியமாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். வாழைத்தோட்டத்து வீட்டில் எங்கள் உம்மும்மா நுளம்பு வலையைத் தூக்கி, சேலைத் தலைப்பால் பாயை மூன்று தட்டுத் தட்டி, தலையணையைப் புரட்டிவிட்டுத்தான் எங்களைப் படுக்க விடுவார். பல்லியும் கரப்பானும் ஓடும் பழைய வீட்டில் அது சுத்தத்துக்காக என்றே நினைத்திருந்தேன். ஓதப் போய் இந்த ஹதீஸைப் படித்த நாளில்தான் அவருடைய கை எதைச் செய்துகொண்டிருந்தது என்று விளங்கியது. தட்டிவிட்டுச் சொல்ல வேண்டியது இது: ‘பிஸ்மிக்க றப்பீ வழஃது ஜன்பீ, வ பிக்க அர்ஃபஉஹு, இன் அம்ஸக்த்த நஃப்ஸீ ஃபர்ஹம்ஹா, வ இன் அர்ஸல்த்தஹா ஃபஹ்ஃபழ்ஹா பிமா தஹ்ஃபழு பிஹீ இபாதகஸ் ஸாலிஹீன்.’ என் இறைவா, உன் பெயரால் என் விலாவைச் சாய்த்தேன், உன்னைக் கொண்டே அதை உயர்த்துவேன். என் உயிரை நீ பிடித்துக்கொண்டால் அதற்கு இரக்கம் காட்டு, திருப்பி அனுப்பினால் உன் நல்லடியார்களைக் காப்பது போல் அதையும் காப்பாயாக.

மௌத் பற்றிய உங்கள் அச்சத்துக்கு இந்த துஆவைவிட நேரான பதிலை நான் அறியேன். மரணிக்கும் உயிர்களையும், மரணிக்காதவற்றை அவற்றின் உறக்கத்திலும் அல்லாஹ்வே கைப்பற்றுகிறான் என்று சூறத்துஸ் ஸுமரின் 42ஆம் வசனம் சொல்கிறது. ஒவ்வோர் இரவும் உயிரை அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் உறங்குகிறோம். அதை இந்த துஆ வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால், ஒரு கனவு வந்து மறைமுகமாக மிரட்டுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

இன்னும் சில உண்டு. வுழூச் செய்து வலப்பக்கம் சாய்ந்து படுத்தபின் சொல்லுமாறு பராஃ இப்னு ஆஸிப் (ரழி) அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட ‘அல்லாஹும்ம அஸ்லம்து நஃப்ஸீ இலைக்க’ என்று தொடங்கும் துஆ அவற்றுள் ஒன்று. அதைத் திருப்பிச் சொல்லும்போது ‘நபிய்யிக்க’ என்பதற்குப் பதிலாக ‘றஸூலிக்க’ என்று அவர் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். கற்பிக்கப்பட்ட சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. ஆகவே, நான் இங்கே தமிழெழுத்தில் தந்திருப்பவற்றை மட்டும் பார்த்து மனனம் செய்துவிடாதீர்கள். நம் எழுத்தில் அறபியின் பல ஒலிகள் ஒன்றாகிவிடுகின்றன. அந்தக் குறையால்தான் நம் முன்னோர் தமிழை அறபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் எழுதினார்கள். எங்கள் உம்மும்மாவுக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து அது ஒன்றே. சரியாக ஓதத் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவையாவது ஓதிக் காட்டுங்கள்.

வீட்டு வேலையால் களைத்து விழுபவர்களுக்கு, திரிகை சுற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரழி) அவர்கள் பணியாளைக் கேட்டுச் சென்றபோது கற்றுக்கொடுக்கப்பட்ட தஸ்பீஹ் இருக்கிறது: ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. இவை எல்லாவற்றையும் ஒரே இரவில் ஓத வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்கிக்கொள்ள வேண்டாம். மூன்று சூறாக்களும் ஆயத்துல் குர்ஸியும் நிலையாக இருக்கட்டும். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓதும்போதே கண்ணயர்ந்துவிட்டால் அதுவும் நல்லதே.

உறக்கத்தில் பயந்து விழிப்பவருக்கென்றே ஒரு துஆ அபூ தாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் வந்திருக்கிறது. ‘அஊது பிகலிமாத்தில்லாஹித் தாம்மாத்தி மின் கழபிஹி வ இகாபிஹி வ ஷர்ரி இபாதிஹி, வ மின் ஹமஸாத்திஷ் ஷயாத்தீனி வ அன் யஹ்ழுரூன்.’ அல்லாஹ்வின் கோபத்திலிருந்தும் தண்டனையிலிருந்தும், அவனுடைய அடியார்களின் தீங்கிலிருந்தும், ஷைத்தான்களின் தூண்டுதல்களிலிருந்தும், அவர்கள் என்னிடம் வருவதிலிருந்தும் அவனுடைய பூரணமான வார்த்தைகளைக் கொண்டு பாதுகாப்புத் தேடுகிறேன் என்பது பொருள். இதன் கடைசிப் பகுதி சூறத்துல் முஃமினூனின் 97, 98ஆம் வசனங்களின் சாயலில் அமைந்தது.

2004 சுனாமிக்குப் பின் கிழக்கிலிருந்து வந்து எங்கள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த உறவுக்காரப் பெண் ஒருவருக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். இரவில் எழுந்து, வாசற்படியில் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். துஆவைப் பாடமாக்கிய பின்னும் தண்ணீர் வரும் கனவு அவரை உடனே விட்டுவிடவில்லை. ஆனால், விழித்ததும் வாசலுக்குப் போவதற்குப் பதிலாக அதை ஓதிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கப் பழகினார். பகலில் மனநல வைத்தியரிடமும் போய் வந்தார். வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளையாக வந்திருக்கும்போது, துஆ ஓதுபவர் மருந்து எடுப்பதை ஈமானின் குறையாகக் காண்பது நம் சமூகத்தின் பெரிய தவறு. கனவுகள் வாரக்கணக்கில் தொடர்ந்து, பகலிலும் நெஞ்சு படபடத்து, சாப்பாடும் வேலையும் கெட்டுப்போனால் நீங்களும் வைத்தியரிடம் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே பேசக் கேட்கலாம். நாளாந்தம் எடுக்கும் மாத்திரைகள் ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறஷருக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் கெட்ட கனவுகளை உண்டாக்குவதுண்டு.

மகனுடைய விடயத்தில், மேலே சொன்ன துஆவின் அறிவிப்பிலேயே உங்கள் மாமிக்கும் உங்களுக்கும் பொதுவான பதில் கிடைக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் விளங்கும் வயதுள்ள தம் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்றும், விளங்காத சிறு பிள்ளைகளுக்கு எழுதித் தொங்கவிட்டார்கள் என்றும் அதில் இருக்கிறது. இஸ்மு கட்டலாம் என்போர் இதையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். இந்தப் பகுதியின் அறிவிப்பாளர் தொடரைக் குறை கண்டும், தாயத்துகளைத் தடுக்கும் ஹதீஸ்களை முன்வைத்தும் மற்றவர்கள் மறுக்கிறார்கள். கட்டாமல் இருப்பதே பேணுதல் என்பது என் கருத்து. ஆனால் மாமியோடு இதற்காக வாதாட வேண்டியதில்லை. அந்த அறிவிப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஆறு வயதுப் பிள்ளை வாயால் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் பக்கமே சேருவான். மாமியையே அவன் பக்கத்தில் அமர்த்தி, நாளுக்கு இரண்டு சொல்லாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பேரனைக் காக்க வேண்டும் என்ற அவருடைய தவிப்புக்கும் அதில் இடம் கிடைக்கும். அவன் உறங்கிய பின் நீங்கள் ஓதி ஊத, ஹஸன், ஹுஸைன் (ரழி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் ஓதிய சொற்கள் இருக்கின்றன: ‘உஈதுக்க பிகலிமாத்தில்லாஹித் தாம்மா, மின் குல்லி ஷைத்தானின் வ ஹாம்மா, வ மின் குல்லி ஐனின் லாம்மா.’ இருவருக்கு ஓதியது ஒரு மகனுக்கு ஏற்ப இப்படி மாறும். மகளுக்கானால் ‘உஈதுகி’ என்று தொடங்க வேண்டும்.

அவன் எந்த நேரத்தில் அலறுகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். உறங்கி ஓரிரு மணித்தியாலங்களுக்குள், கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் காணாமல் அலறி, சில நிமிடங்களில் தானே அடங்கி, காலையில் எதுவும் நினைவில்லாமல் எழுந்தால், அது கனவே அல்ல; ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி விழித்த நிலையில் சிறு பிள்ளைகளுக்கு வருவது. வளர வளரப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். அப்போது அவனை உலுக்கி எழுப்ப வேண்டாம், விளக்குகளைப் போட்டு வீட்டாரைக் கூட்டவும் வேண்டாம். விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் அமர்ந்து தாழ்ந்த குரலில் ஓதுங்கள். குறட்டையும் மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ தாமதிக்காமல் சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள். விடியும் பக்கமாக அழுது எழுந்து, கண்டதைச் சொல்லத் தெரிந்தால் அது கெட்ட கனவு. கட்டியணைத்து, இடப்பக்கம் ஊதச் சொல்லிக்கொடுத்து, திருப்பிப் படுக்க வையுங்கள். ஊதுவது சிறுவர்களுக்கு மிகவும் பிடித்துவிடும்.

காலையில் ‘என்ன கண்டாய்?’ என்று அவனை விசாரிக்க வேண்டாம். வீட்டுக்கு வருபவர்களிடம் அவன் காதுபட அதைப் பேசவும் வேண்டாம். கண் விழித்ததும் ‘அல்ஹம்து லில்லாஹில்லதீ அஹ்யானா பஅத மா அமாத்தனா வ இலைஹின் நுஷூர்’ என்பதை அவனோடு சேர்ந்து சொல்லி, முகம் கழுவ அனுப்பிவிட்டு, நீங்கள் ஸுப்ஹுக்கு நில்லுங்கள்.